தீவனக் கடையில் லாபமா, நட்டமா? கணக்குப் பார்க்கும் முறை

விவசாயத்தோடு மாட்டுத் தீவனக் கடையும் வைக்க விரும்புவோர் கணக்கு எழுதப் பழக வேண்டும். கல்லாவில் பணம் இருந்தால் லாபம் என்று எண்ணுவது தவறு. மூன்று மாதத்திற்கு ஒரு முறை கீழ்க்கண்ட மூன்று கணக்குகளையும் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஒரு விவசாயி சொந்தப் பணம் ரூ.1,00,000, நகைக்கடன் ரூ.50,000 போட்டுக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு முன்பணம் ரூ.20,000. தராசு, அலமாரிக்கு ரூ.24,000.

1. வியாபாரக் கணக்கு

மூன்று மாதத்தில் வண்டி வாடகை உட்பட ரூ.3,00,000-க்குப் பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை வாங்கினார். கடைசி நாளில் மூட்டைகளை எடை போட்டு, வாங்கிய விலையில் கணக்கிட்டதில் இருப்பு ரூ.60,000. ஆகவே விற்ற சரக்கின் அடக்கம் ரூ.2,40,000. விற்பனை ரூ.2,70,000. மொத்த லாபம் ரூ.30,000. கடனுக்கு விற்றதையும் விற்பனையில் சேர்க்க வேண்டும்.

2. லாப நட்டக் கணக்கு

மொத்த லாபத்திலிருந்து செலவுகளைக் கழிக்க வேண்டும்.

கடை வாடகை - ரூ.6,000
பகுதி நேர ஆள் கூலி - ரூ.9,000
மின்சாரம், சில்லறைச் செலவு - ரூ.2,500
கடன் வட்டி (ஆண்டுக்கு 12 சதம்) - ரூ.1,500
தேய்மானம் - ரூ.1,500
மொத்தம் - ரூ.20,500

வட்டியை இன்னும் கட்டாவிட்டாலும் செலவில் எழுத வேண்டும். தராசும் அலமாரியும் நான்கு ஆண்டு உழைக்கும் என்று கொண்டு, மூன்று மாதப் பங்கு தேய்மானமாகக் கழிக்கப்பட்டது. நிகர லாபம் ரூ.9,500.

3. ஐந்தொகை

உடைமைகள்: ரொக்கம் ரூ.38,500, சரக்கு ரூ.60,000, வாடிக்கையாளர் தர வேண்டியது ரூ.45,000, முன்பணம் ரூ.20,000, தராசு, அலமாரி ரூ.22,500. மொத்தம் ரூ.1,86,000.

பொறுப்புகள்: மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது ரூ.40,000, நகைக்கடன் ரூ.50,000, வட்டி பாக்கி ரூ.1,500, சொந்த முதல் ரூ.94,500. மொத்தம் ரூ.1,86,000.

இரு பக்கமும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரவோ செலவோ விடுபட்டுள்ளது என்று பொருள்.

கணக்கு சொல்லும் பாடம்

போட்ட சொந்த முதல் ஒரு லட்சம், லாபமும் வந்தது. அப்படியிருந்தும் முதல் ரூ.94,500 ஆகக் குறைந்தது ஏன்? லாபம் ரூ.9,500 தான்; ஆனால் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது ரூ.15,000. கையிலுள்ள ரொக்கம் முழுவதையும் கொடுத்தாலும் மொத்த வியாபாரியின் பாக்கி தீராது. கடனாக விற்றதில் ரூ.10,000 வராமல் போனால் லாபம் மறைந்து ரூ.500 நட்டமாகும்.

எனவே கொள்முதல், விற்பனை, கடன், செலவு ஆகியவற்றை அன்றன்றே சிட்டையில் எழுதுங்கள். சொந்த மாட்டுக்கு எடுத்த தீவனத்தையும் வாங்கிய விலையில் உங்கள் பற்றில் எழுதுங்கள். சொந்த நிலத்துச் சோளத்தைக் கடைக்குக் கொடுத்தால் சந்தை விலையில் கொள்முதலாகக் காட்டுங்கள். பழைய பாக்கி தீராமல் புதிய கடன் கொடுப்பதைத் தவிர்ப்பது நலம். லாபத்திற்கு உட்பட்டே வீட்டுக்கு எடுங்கள். அப்போதுதான் கடை நிலைக்கும். அடகு வைத்த நகையும் வீடு திரும்பும்.