விருந்தினர் வீட்டாராகும் காலம்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம்மவர் பழமொழி. விருந்தோம்பலின் காலம் மூன்று நாள் என்றும், அதற்கு மேற்பட்டது அறக்கொடை என்றும் நபிமொழியும் வரையறுக்கின்றது. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியம் கூறும் வனப்பு எட்டனுள் ஒன்று இப்பெயர் பெற்றிருப்பதும் அப்பொருள் பற்றியே. புதியவராய் வந்தமையால் மனிதரும் விருந்தாயினர். அங்ஙனமாயின், பத்து வாரம் தங்க வருபவரை என்னென்று அழைப்பது? நான்காம் நாள் விடிந்ததும் அவர் யார்? தொண்டுப் பயிற்சிக்காக அயல்நாடு சென்று, முன்பின் அறியாத குடும்பத்தோடு வாழும் இளைஞரின் அன்றாட வாழ்வு இவ்வினாவைச் சுற்றியே நடைபெறுகின்றது.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. டொனால்ட் வாட் என்பார் 1932-இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம், மாணவரை அயல்நாட்டுக் குடும்பங்களில் தங்கச் செய்வதையே பின்னர்த் தன் கல்வி முறையாகக் கொண்டது. 1930-களில் அவ்வியக்கத்தின் வழி அயல்நாடு சென்றவருள் ஒருவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். 1961-இல் கென்னடி அமைதிப்படையைத் தோற்றுவித்தபோது அதன் முதல் இயக்குநரானவர் இவரே. அவ்வாண்டே இந்தியாவிற்கு வந்த அமைதிப்படைத் தொண்டர்கள் 1976 வரை இங்குப் பணிபுரிந்தனர். தொடக்கத்தில் இத்தொண்டர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி வளாகங்களிலேயே பயிற்சி தரப்பட்டது. பணிபுரியும் நாட்டிலேயே ஒரு குடும்பத்தோடு தங்கிப் பயிலும் முறை பிற்காலத்தில் வழக்காயிற்று. பின்னாளில் அமெரிக்கத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் அன்னையார் லில்லியன் கார்ட்டர், 1966-இல் தம் 68-ஆம் வயதில் பம்பாயை அடுத்த விக்ரோலிக்குத் தொண்டராக வந்தார். அவர் தம் வீட்டார்க்கு எழுதிய மடல்கள் 1977-இல் நூலாயின. செருமனி அரசு 2008-இல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டமும் 18 முதல் 28 வயதுடையாரை இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு அனுப்பி வருகின்றது.

நூற்செய்தி இவ்வளவில் நிற்க. எம் ஊராகிய ஆவடி வேற்றூராரைக் கண்டு வியக்கும் ஊரன்று. 1955-இல் காங்கிரசுப் பேரவை கூடியபோது நாடே இங்குத் திரண்டது. 1965-இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையின் குடியிருப்பில் பன்மொழி பேசுவோர் அடுத்தடுத்த வீட்டினராய் வாழ்ந்தனர். எனினும், எம் வீட்டு அறையொன்றில் ஓர் ஐரோப்பிய மாணவி பத்து வாரம் தங்கப் போகிறார் என்றபோது எம் தாயாருக்கு உறக்கம் வரவில்லை. “அந்தப் பொண்ணு என்னத்தச் சாப்பிடும்?” என்பதே அவர் கவலை.

காலையில் பட்டாபிராம் சென்று அங்குள்ள சிறுவர் பள்ளியில் உதவுவது அம்மாணவியின் பணி. மகளிர் பெட்டியில் நின்றுகொண்டு செல்வதும், வாளித் தண்ணீரில் குளிப்பதும், கையால் பிசைந்து உண்பதும் ஒரு வாரத்தில் அவருக்குக் கைவந்தன. கடினமாய் இருந்தது வேறொன்று. தட்டைக் கழுவ எழுந்தால், “நீ உக்காரு கண்ணு” என்று தாயார் பறித்துக்கொள்வார். துணி துவைக்கவும் விடுவதில்லை. மூன்றாம் வாரம் ஒரு மாலை அவர் மொட்டைமாடியில் தனியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். ‘நான் இங்குப் பயனற்றவளாய் இருக்கிறேன்’ என்பதே அவர் சொன்ன காரணம். நாங்கள் அன்பென்று கருதிச் செய்தது அவரை வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்திருந்தது. மறுநாள் காலை வெங்காயக் கூடையும் அரிவாள்மணையும் அவர்முன் வைக்கப்பட்டன. விரலை அறுத்துக்கொண்டாரேனும் மகிழ்ந்தார்.

பணம் பற்றியும் கூறுதல் வேண்டும். இத்தகைய திட்டங்களில் உணவுக்கும் உறைவிடத்திற்குமாகக் குடும்பத்திற்கு ஒரு தொகை வழங்குவதுண்டு. சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று தாயார் முதல் மாதம் மறுத்துவிட்டார். அம்மாதம் முழுவதும் அம்மாணவி இரண்டாம் முறை சோறு கேட்டதே இல்லை. அமைப்பினர் வற்புறுத்தத் தொகையைப் பெற்றுக்கொண்ட பின்னரே, “அம்மா, இன்னும் கொஞ்சம் ரசம்” என்று தட்டை நீட்டினார். பணம் பெறுவது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்பாருடன் நாம் உடன்படுவதற்கில்லை. கடன்பட்ட மனத்தோடு உண்பவர்க்கு உணவு ஒட்டாது.

தமிழாசிரியராகிய எமக்கு மிகுதியும் சிந்தனை தந்தது மொழியே. அவர் தம் நாட்டில் நூல்வழித் தமிழ் கற்று வந்திருந்தார். ஆவடி நிலையத்தருகே தேநீர்க் கடையில், “நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்” என்றார். “மேடம், நீங்க தமிழ் டீச்சரா?” என்று கேட்டார் கடைக்காரர். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இத்துணை விலகி நிற்பதை நம் மாணவர் பிறந்தது முதல் கடந்து வருவதால் உணர்வதில்லை; அயலார்க்கு அது கற்க வேண்டிய இரண்டாம் மொழியே ஆகின்றது. வீட்டில் எவரும் எழுத்துத் தமிழ் பேசாமையால், அவர் கொண்டுவந்த நூல் இரண்டாம் வாரமே பெட்டிக்குள் சென்றது.

அதனினும் நுட்பமானது தன்மைப் பன்மை. ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் ஒரே சொல்லாய் நிற்பது தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரிகின்றது. கேட்பவரையும் உளப்படுத்துவது முன்னது, விலக்குவது பின்னது. எல்லாரும் உண்ண அமர்ந்திருக்க, “நாங்கள் சாப்பிடலாமா?” என்று அவர் கேட்பார். “நீங்க மட்டுமா?” என்று எம் தம்பி சிரிப்பான். “நாம் ஊரில் பனி பெய்யும்” என்று கூறி எம்மையும் தம் நாட்டிற்கு அழைத்துச் செல்வார். இலக்கணத்தை எத்தனை முறை எடுத்துரைத்தும் பிழை தீரவில்லை. தம்மை எவரோடு சேர்த்து எண்ணுவது என்பதே தெளியாதவர்க்கு இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தேர்வது எளிதன்று போலும்.

ஒன்பதாம் வாரம் தெருவிற்குத் தண்ணீர் லாரி வந்தது. எம் தாயார் அடுப்படியில் இருந்தார். குடங்களோடு வரிசையில் நின்ற அம்மாணவியிடம், பக்கத்து வீட்டு அம்மையார் தம் குடத்தை முன்னே நகர்த்தியவாறு எத்தனை குடம் என்று கேட்டார். “எங்க வீட்டுக்கு ரெண்டு குடம்” என்றார் அவர். அந்த ‘எங்க’வில் கேட்டவர் இல்லை, நாங்கள் இருந்தோம். பிழையற்ற தமிழ்.

“மூணு குடம் கண்ணு” என்று உள்ளிருந்தபடியே தாயார் திருத்தினார்.