8.66ஐ 8.7 ஆக்கியவன் சொல்கிறேன்

31 வருடம் அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். கோடு போடுவதில் எனக்குப் பாடம் நடத்த ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பை நாலடிக்கு இரண்டடி ப்ளைவுட் பலகை ஒன்று 19 நாளில் இறக்கி வைத்தது.

ஓய்வு பெற்ற வருடம் ஆக்ரா போயிருந்தோம். தாஜ்மஹாலில் கூட்டம் தள்ளிய தள்ளலில் எதையும் நின்று பார்க்க முடியவில்லை. மறுநாள் சிக்கந்தராவில் அக்பர் சமாதி. 1613இல், ஜஹாங்கீர் காலத்தில் கட்டி முடித்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் தெற்கு வாசலிலேயே நின்றுவிட்டேன். சிவப்பு மணற்கல்லில் வெள்ளைப் பளிங்கும் கறுப்புக் கல்லும் பதித்த நட்சத்திரங்கள், அறுகோணங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை.

ஊர் திரும்பியபோது, என்னோடு வேலை பார்த்த பாய் வீடு கட்டிக்கொண்டிருந்தார். “கூடத்துச் சுவருக்கு அந்த மாதிரி ஒன்று நான் வரைந்து தருகிறேன்” என்று வாயைக் கொடுத்தேன். “எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? சிஎன்சில குடுத்தா ரெண்டு மணி நேரத்துல வெட்டிக் குடுத்துருவான்” என்றார் இன்டீரியர் வேலைக்கு வந்தவர். அந்த வார்த்தைக்காகவே கையால் வரைந்தேன். மறைப்பானேன்?

பலகைக்கு இரண்டு கோட் ப்ரைமர், மேலே நைஸ் உப்புத்தாள். அழியப்போகும் கோட்டுக்கு 4எச் பென்சில், நிற்கப்போகும் கோட்டுக்கு எச்பி. கவராய முள் பலகையில் ஓட்டை போடாமல் இருக்க, மையத்தில் செல்லோடேப் இரண்டடுக்கு. நீங்களும் என்னைப் போல ஓய்வு பெற்றவர் என்றால், பென்ஷன் வந்த வாரமே பெயின்ட் வாங்கிவிடுங்கள், பிறகு அது மருந்துக்குப் போய்விடும். வரைய உங்களுக்கும் மாடி அறைதான் கிடைக்கும். மதியத்தில் உட்காராதீர்கள், வியர்வை சொட்டும். இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நான் எடுத்துக்கொண்டது அறுமுனை நட்சத்திரம், இருப்பதிலேயே சுலபமானது. 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அதே அளவில் கவராயத்தை வட்டத்தின் மேல் நடத்தினால் ஆறாவது எட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஆறு புள்ளிகளையும் சேர்த்தால் நட்சத்திரம் உட்காரும் அறுகோணம். அதன் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம், 5ஐ 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது: 8.66 செ.மீ. அடுத்த நட்சத்திரத்தின் மையம் அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். என் ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழே கோடு கிடையாது. 8.7 என்று வைத்து, இரண்டடி மேல் விளிம்பில் ஏழு தடவை குறித்துக்கொண்டே போனேன். இடது விளிம்பில் 15 செ.மீ.க்கு ஒரு குறி. அது முழு எண், தகராறு இல்லை.

இடது விளிம்பிலிருந்து 60 டிகிரியில் ஏறும் சாய்கோடுகள் மேல் விளிம்புக் குறிகளில் போய்த் தைக்க வேண்டும். முதல் இரண்டு தைத்த மாதிரிதான் தெரிந்தது. நாலாவது, பென்சில் முனை அளவுக்கு விலகியது. பலகை நெளிந்திருக்கும் என்று பலகை மேல் பழி போட்டேன். ஆறாவதில் மூலைமட்டத்தின் மேல் சந்தேகம். ஏழாவதில் கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர். கோடுகளின் மேல் நான் வரையவிருந்த பட்டையின் அகலமே 4 மில்லிமீட்டர்தான்! அப்போதே அழித்திருக்க வேண்டும். ஆறு நாள் வேலையை அழிக்க மனசு வரவில்லை. வலக்கோடியில் கோடுகளைக் கொஞ்சம் சாய்த்து, பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, ஒப்பேற்றி, அதன் மேல் இன்னும் 13 நாள் பெயின்ட் அடித்தேன்.

பலகையைக் கொண்டுபோய்ச் சாத்தியதும் பாய் “மாஷா அல்லாஹ்” என்றார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வலது ஓரத்தில் விரலை வைத்தார். “இங்க மட்டும் துணியைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கேண்ணே.”

சரியாக ஏழாவது வரிசை.

பலகையைத் திரும்பத் தூக்கி வந்தேன். ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் யோசித்தேன். கட்டட வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒன்றும் ஆகாது. கோட்டை யாரும் அளப்பதில்லை. எழுதியிருக்கும் அளவைத்தான் மேஸ்திரி படிப்பார். அப்படித்தான் படிக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே குறிப்பு எழுதுவோம். 31 வருடம் எண்தான் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இங்கே எழுத எண்ணே கிடையாது, கோடுதான் கட்டடம்.

எண்ணை விட்டுக் கோடுகளையே நம்பிய பழைய கைவினைஞர்களின் வரைபடச் சுருள் ஒன்று இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் இருக்கிறது. ஏறக்குறைய 29.5 மீட்டர் நீளம், 114 வடிவங்கள். அதன் படங்களைப் புத்தகத்தில் பார்த்தேன். மைக்கோடுகளுக்கு அடியில், மை தொடாமல் முள்ளால் கீறிய கோடுகளும் வட்டங்களும் இருக்கின்றன. அளவைச் சொல்லும் எண் ஒன்றுகூட இல்லை. 10ஆம் நூற்றாண்டு பாக்தாதில் அபுல் வஃபா என்ற கணித மேதை கைவினைஞர்களுக்காகவே ஜியாமெட்ரி நூல் எழுதினார். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்கிற கைவினைஞன், நிரூபணம் கிடைத்தால் போதும், வெட்டுகிறவன் பாடு தெரியாது என்கிற கணிதக்காரன், இரண்டு பேர் மேலும் அவருக்குக் குறை உண்டு. நான் ஒரே ஆளாக இரண்டு தப்பையும் செய்திருக்கிறேன். வர்க்கமூலமும் போட்டேன், கண்ணால் ஒப்பேற்றவும் செய்தேன்.

இரண்டாவது பலகைக்கு உட்கார்ந்தபோது, 5, 15 என்ற முழு அளவுகளை எடுத்ததோடு ஸ்கேலை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாலடி ரீப்பர் ஒன்றில் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில். நீளக் கவராயம் தயார். அதைக்கொண்டு வில் வெட்டி, முதலில் கடைசி மையத்தை, ஏழாவதைக் கண்டுபிடித்தேன். நடுவில் உள்ள ஆறையும் டிவைடரால் நடத்தி, கடைசி எட்டு குறியில் விழும்வரை டிவைடரைத் திருத்திக்கொண்டே இருந்தேன். பெரியதிலிருந்து சிறியதற்கு வந்தால் தவறு ஏழாகப் பங்கு பிரியும். சிறியதை அடுக்கிக்கொண்டு பெரியதற்குப் போனால் ஏழு மடங்காகும். சின்னக் கவராயத்தை ஒருமுறை திறந்தால் வேலை முடியும்வரை மூடாதீர்கள். மூடிவிட்டுத் திரும்ப அதே அளவு திறந்தேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் பின்னலுக்கு, ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே, கீழே, மேலே, கீழே என்று முணுமுணுத்தபடியே போங்கள். இரண்டு ‘மேலே’ அடுத்தடுத்து வந்தால் பின்னால் எங்கோ தப்பு. அங்கேயே நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

பாய் தங்க நிறம் கேட்டார். நான் தரவில்லை. சிக்கந்தரா வாசலை நினைத்துக்கொண்டு காவிச்சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றோடு நிறுத்தினேன். கடையில் விற்கும் தங்கப் பெயின்ட் மினுங்குகிற மினுங்கலில் கோட்டின் விளிம்பே தெரியாது. கோணலை மறைக்க வேண்டியவனுக்குத்தான் அது தேவை.

இரண்டாவது பலகைக்கு 11 நாள். அது பாய் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவர் மனைவி வலது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனார். அந்த இன்டீரியர்காரர் அடுத்த தெருவில் சிஎன்சியில் வெட்டி மாட்டிய எம்டிஎஃப் ஜாலி முதல் மழை ஈரத்துக்கே ஊதிவிட்டதாகக் கேள்வி. சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதல் பலகை என் வீட்டில்தான், செருப்பு அலமாரிக்குப் பின்னால், நட்சத்திரங்கள் சுவரைப் பார்த்தபடி.