ஆங்கிலம் பயில்வோர்க்கு: சொல்லும் அதன் துணையும்

சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் எம் இல்லம் வந்த, பேத்தி முறையுடைய பெண்ணொருத்தி, தடித்த குறிப்பேடு ஒன்றை எம் முன் வைத்து, "பாட்டி, இதிலுள்ள சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஒரு வாக்கியமும் வருவதில்லை" என்றாள். அக்குறிப்பேடு யாம் தந்ததே. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தது முதல் மூன்று கோடை விடுமுறைகளில், நாளுக்கு ஐந்து சொற்களாக, இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் அதன் தமிழ்ப்பொருள் என்று யாமே எழுதுவித்தோம். எழுநூற்றுக்கு மேற்பட்ட சொற்கள். எங்கே கேட்டாலும் தடையின்றி ஒப்புவித்தாள்.

வந்தவாசியை அடுத்த சிற்றூரில் தமிழ்வழியில் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவள் அவள். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டியிருந்தது. இவள் எழுந்து, 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று தொடங்கியதும் சிலர் சிரித்தனர். அன்று அடைத்த வாய் நான்கு திங்கள் திறக்கவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தில் அலுவலகத்தார் கையொப்பம் ஒன்று தேவைப்பட்டது. அதனை ஆங்கிலத்தில் கேட்கவேண்டுமே என்றஞ்சி, மூன்று நாள் அலுவலக வாயில் வரை சென்று திரும்பினாள். கடைசி நாளும் கடந்துவிட்டது. அந்தத் தொகைக்கு ஈடாக அவள் தந்தை அவ்வாண்டு நெல்லை விலை ஏறுமுன்னரே விற்றார்.

சிரித்தவர்களை யாம் குறைகூறப் போவதில்லை. (அவர்களுள் பாதிப்பேர் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுபவராகவே இருப்பர் என்பது எம் ஐயம்.) குறை எம்முடையது. முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்ற யாம், சொல்லைத் தனியே பிரித்துக் கொடுத்தோம். அது எச்சொல்லோடு சேர்ந்து நடக்கும் என்பதைக் கொடுக்கவில்லை. அதனை ஈடுசெய்யவே இக்கட்டுரை. ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்திலேயே இடுகிறோம். ஆங்கில எழுத்தறியாத தாய்மாரும் பாட்டிமாரும் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்கவேண்டும் என்பது எம் விருப்பம். பிள்ளைகள் தம் ஏட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்க.

'கேள்' என்னும் நம் வினையை எடுத்துக்கொள்வோம். வழி கேட்டான், பாட்டுக் கேட்டான், இடியோசை கேட்டான் என்று மூன்றிடத்தும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் வழி கேட்பது 'ஆஸ்க்'. பாட்டைச் செவிசாய்த்துக் கேட்பது 'லிசன்'. ஓசை தானே வந்து காதில் விழுவது 'ஹியர்'. எம் குறிப்பேட்டில் மூன்றற்கும் நேராக 'கேள்' என்ற ஒன்றே இருந்தது. பின்னர் அப்பெண் எதனைத் தேர்ந்தெடுப்பாள்? 'போடு' என்பது இன்னும் பெரிய வலை. சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், காப்பியும் போடுகிறோம். ஆங்கிலேயரோ சட்டையை அணிகின்றனர், தாளில் 'சைன்' செய்கின்றனர், காப்பியை 'மேக்' என்கின்றனர். 'படி' என்பதற்கு 'ரீட்' என்று மட்டும் கற்ற பிள்ளை, 'ஐ ஆம் ரீடிங் டென்த் ஸ்டாண்டர்டு' என்றுதான் கூறும். வகுப்பிலோ கல்லூரியிலோ பயில்வது 'ஸ்டடி'. இக்காலத்தில் கைபேசியில் பொருள் தேடுவோரும் இதே குழியில் விழுகின்றனர். அவசரத்தில் அவர்கள் காண்பது முதலில் நிற்கும் ஒரு சொல்லைத்தான்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் பன்னெடுங்காலம் மனப்பாடம் செய்யப்பட்டது. அதில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் ஒருபுறமிருக்க, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறும் தொகுதியும் தனியே உண்டு. நிகண்டு பயின்ற மரபில் வந்த யாம் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதுவித்ததை எண்ண நாணமாகவே உள்ளது.

இனி, சொல்லின் துணைக்கு வருவோம். தமிழில் வேற்றுமையுருபு பெயருக்குப் பின் ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சிறு சொல் பெயருக்கு முன் நிற்கும். இட வேறுபாட்டைப் பிள்ளைகள் விரைவிற் பிடித்துக்கொள்கின்றனர். இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. எந்த வினை எந்தச் சிறு சொல்லை ஏற்கும் என்பது இரு மொழியிலும் ஒன்றாயிராது. 'என்னிடம் கேட்டார்' என்ற வழக்கால் 'ஆஸ்க்டு டு மீ' என்கிறோம்; அங்கே வெறும் 'ஆஸ்க்டு மீ'. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதால் 'என்டர்டு இன்ட்டு தி ரூம்' என்கிறோம். 'என்டர்டு தி ரூம்' என்பதே போதும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட் இட்'. அங்கே 'அபவுட்' வேண்டா. 'பாம்புக்கு அஞ்சுகிறான்' என்பதில் நமக்கு நான்காம் வேற்றுமை. அவர்களுக்கு 'அஃப்ரெய்ட் ஆஃப்'. 'சொல்' என்பதற்கு நேரான 'டெல்', 'ஸே' என்ற இரண்டனுள் 'டெல் மீ' என்போம். 'ஸே டு மீ' என்போம். இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. தமிழில் 'அவனைப் பார்த்தேன்' என்றும் 'அவனோடு பேசினேன்' என்றும் ஏன் கூறுகிறோம் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லையே.

இப்பிழைகள் அறியாமையால் வருவன அல்ல. தாய்மொழி இலக்கணம் உறுதியாக உள்ளத்தில் நிற்பதால் வருவன. இதனை எம் பேத்திக்குக் கூறியபோது அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

ஆகவே ஏட்டில் 'அஃப்ரெய்ட்' என்று எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்நேக்ஸ்' என்று எழுதுக. 'வெயிட்' என்று எழுதாமல் 'வெயிட் ஃபார் தி பஸ்' என்று எழுதுக. துணையை எங்கே காண்பது? நல்ல அகராதியில். ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அயல்மொழியாளர்க்கென அவர் தம் துணைவரோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதனை வெளியிட்டு வருகிறது. எந்த வினைக்குப் பின் எது வரும் என்பதைக் காட்டுவதே அதன் சிறப்பு. அவ்வகை அகராதியில் பொருளைக் கண்டவுடன் மூடிவிடாமல், அடுத்துள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்து, அதனையே ஏட்டில் எழுதுக. எத்தனைச் சொல் வேண்டும் என்று கவலற்க. வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்களே உள்ளன. பொதுவான உரைநடையின் பெரும்பகுதி அவற்றாலேயே அமைகிறது. அரிய சொல் ஐந்தினும் எளிய சொல் ஒன்றின் ஐந்து பயன்களே முதலில் வேண்டுவன.

அந்த 'ஹேவிங்' பிழைக்கு வருவோம். 'படிக்கிறேன்' என்னும் நம் நிகழ்காலம், நாள்தோறும் நிகழ்வதையும் இப்போது நிகழ்ந்துகொண்டிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னது 'ஐ ரீட்'. பின்னது 'ஐ ஆம் ரீடிங்'. 'இங்' என்பது நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. உடைமை, அறிவு, விருப்பம் ஆகியன செயலல்ல, நிலை. எனவே 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ நோ', 'ஐ லைக்'. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்பது சரியே. அங்கே 'ஹேவ்' உண்ணுதலாகிய செயலைக் குறிக்கிறது.

'ஐந்தாண்டுகளாக இங்கே வசிக்கிறோம்' என்பதில் நமக்கு நிகழ்காலம் போதும். அவர்கள் 'வி ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பர். நாம் 'ஆக' என்று சேர்க்குமிடத்தில் 'ஃபார்'. '1995 முதல்' என்று தொடங்கிய காலத்தைக் கூறுமிடத்தில் 'சின்ஸ்'. இரண்டிலும் 'ஹேவ்' வரும். 'நேற்று', 'சென்ற ஆண்டு' என்று முடிந்த காலத்தைச் சுட்டிவிட்டால் 'ஹேவ்' வரலாகாது. 'ஐ கேம் யெஸ்டர்டே' என்க.

'தி' என்னும் சிறு சொல்லே தமிழர்க்குப் பெருந்தொல்லை. அதற்கு நேரான சொல் நம்மிடம் இல்லை. ஆயினும் அக்கருத்து நம்மிடம் உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவர் அறிந்த அந்தப் புத்தகம். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமையுருபு வெளிப்பட்டு நிற்குமிடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். மறைந்து நிற்குமிடத்தில் பெரும்பாலும் 'எ' வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாதெனினும், தொடக்க நிலையில் கைகொடுக்கும். 'எ', 'ஆன்' வேறுபாடு நம் 'ஒரு', 'ஓர்' போன்றதே. அங்கும் எழுத்தை நோக்காது ஒலியை நோக்குக: 'ஆன் அவர்', 'எ யூனிவர்சிட்டி'.

பயிற்சி செய்வது எவ்வாறு? வீட்டில் திருத்துவாரில்லை என்பதே பலர் முறையீடு. முதலாம் எலிசபெத்து அரசியாகுமுன் அவருக்கு ஆசிரியராயிருந்த ரோஜர் ஆஸ்கம், இலத்தீன் பயில்வோர்க்கு ஒரு வழி கூறினார். அவர் மறைவுக்குப் பின் 1570இல் அச்சேறிய நூலில் அது உள்ளது. பிறமொழிப் பகுதியொன்றைத் தாய்மொழியில் பெயர்த்தெழுதுக. மூலத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் சென்றபின், தாய்மொழியிலிருந்து மீண்டும் அப்பிறமொழிக்குப் பெயர்த்தெழுதுக. பின்பு மூலத்தோடு ஒப்புநோக்குக. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அயல்மொழி முன் திணறியவர்களே. இதில் மூலமே ஆசிரியர், கடிந்துகொள்ளாத ஆசிரியர்.

எம் பேத்திக்கு ஆங்கில நாளிதழில் நாளும் ஐந்து வரி குறித்துக் கொடுத்தோம். காலையில் தமிழாக்குவாள். இரண்டு நாள் கழித்து அவள் பாட்டி, எமக்கு நாத்தனார் முறையினர், ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவர், அத்தமிழ் வரிகளை உரக்கப் படிப்பார். அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். வேறுபட்ட இடங்களை மட்டும் சிவப்பு மையால் ஏட்டில் குறிப்பாள். முதல் வாரம் பக்கமே சிவந்திருந்தது. குறித்த தொடர்களை ஒரு வாரத்திலும் ஒரு திங்களிலும் மீண்டும் கேட்கச் சொன்னோம். ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் தம் நினைவையே சோதித்து 1885இல் வெளியிட்ட முடிவு இது: கற்றது தொடக்கத்தில் மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் மறக்கிறது. ஒரே நாளில் ஐம்பது முறை உருப்போடுவதினும், நாள்விட்டு ஐந்து முறை நினைவுகூர்வது நன்று.

எழுதியதை வாய்விட்டுக் கூறவும் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் நூல் பயிலும் முறை கூறுமிடத்து வழக்கறிதலை முதலில் வைத்தார். உடன்பயில்வாரோடு பழகலையும், வினாவலையும், வினாவியதற்கு விடை கூறலையும் பின்னர் வைத்தார். உடன்பயில ஒருவர் இன்றி மொழி வாய்க்கு வாராது. கல்லூரிக்குத் திரும்பிய பின், தன்னைப் போன்றே தயங்கிய ஒரியாப் பெண்ணொருத்தியைத் துணையாகக் கொண்டு, இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் இருவரும் ஆங்கிலத்திலேயே பேசுவதென்று உறுதி செய்துகொண்டனராம். இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பம் முதல் நாளே பெற்றுவிட்டதாக ஆவணியில் எழுதியிருந்தாள். கடிதம் தமிழில். பின்குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில். அதில் ஒரு 'தி' விடுபட்டிருந்தது.

வாசகர் இல்லத்துப் பிள்ளைகள் கீழ்வரும் வரிகளை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நேற்று இரவு இடியோசை கேட்டோம். என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். அப்பா பத்து ஆண்டுகளாக இந்நிலத்தில் பயிரிடுகிறார். கடையில் பேனா வாங்கினேன்; வழியில் பேனாவைத் தொலைத்துவிட்டேன். இந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஐயா.

விடைகளை அடுத்த இதழில் தருவோம். அனுப்புவோர் தமிழ் வரியின் கீழ் ஆங்கில வரியை எழுதி, திருத்த இடம் விட்டு அனுப்புக.