வீட்டிலிருந்தே ஆபீஸ் சிஸ்டம்: எது, எப்போது?

மேனாம்பேட்டிலும் பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டிலும் சிறு பட்டறை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “டேலி ஆபீஸ் சிஸ்டத்துல இருக்கு. வீட்ல இருந்து பார்க்கணும். எனிடெஸ்க் போட்டா போதுமா?” பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன். நீங்கள் நுழையும் நேரத்தில் அந்த சிஸ்டம் முன்னால் ஆள் இருப்பாரா, மாட்டாரா?

ஆள் இருப்பார் என்றால் வேலை எளிது. எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் எல்லாம் ஒரே வகை. எனிடெஸ்க்கில் அங்கிருப்பவர் ஓர் எண்ணைச் சொல்வார், இங்கிருந்து அதைப் போட்டால் அவர் திரையில் அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘அக்செப்ட்’டைத் தட்டிவிடாமல் அந்தப் பெட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். மவுஸ், கீபோர்டு, ஃபைல் பரிமாற்றம் என்று அனுமதிகள் தனித்தனியாக இருக்கும். திரையைப் பார்த்தால் போதும் என்றால் மற்றதை அணைத்துவிடலாம். எதையும் புதிதாகப் போட விருப்பமில்லையா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் குவிக் அசிஸ்ட் உண்டு. ஒன்று கவனியுங்கள்: டீம்வியூவர் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்துவதாக அது சந்தேகித்தால் இணைப்பைப் பாதியில் துண்டித்துவிடும். ஜிஎஸ்டி கட்டும் கடைசி நாளில் அப்படி ஆனால் பெரிய தொல்லை.

ஆளில்லாத நேரத்தில் நுழைவதற்கு இதே மென்பொருள்களில் நிரந்தரக் கடவுச்சொல் வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், கணக்கர் வேலையை விட்டு நின்ற அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இன்னொன்று, கரண்ட். ராத்திரி கரண்ட் போய் வந்தால் சிஸ்டம் தானாக ஆன் ஆகாது. வீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை முயன்றாலும் ‘ஆஃப்லைன்’தான். சர்வீஸ்காரரிடம் சொல்லி, மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி பயாஸில் மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது வகை, விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப். வேகமானது, தனிக் கட்டணம் இல்லை. ஆனால் நுழைய வேண்டிய கணினியில் ப்ரோ பதிப்பு இருக்க வேண்டும், ஹோம் போதாது. நீங்கள் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும், கணக்கர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சொன்ன எனிடெஸ்க் வகையே சரி. ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். திறந்த 3389-ஐத் தேடி இணையத்தை அலசுவதே சிலருக்குத் தொழில். உள்ளே வந்தால் மொத்த ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். விபிஎன் போட்டு அதன் வழியாக மட்டும் நுழையுங்கள்.

பாக்கி எவ்வளவு, ஸ்டாக் எவ்வளவு என்று பார்க்க மட்டும் என்றால் இவை எதுவுமே வேண்டாம். டேலிபிரைமில் ரிப்போர்ட்டுகளை மொபைல் பிரவுசரிலேயே பார்க்கும் வசதி இருக்கிறது. டேலியின் டிஎஸ்எஸ் சந்தா நடப்பில் இருக்க வேண்டும், ஆபீஸ் சிஸ்டத்தில் டேலி திறந்து, நெட்டில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

கடைசியாக, பணத்தைப் பற்றி. பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போடவைத்து, ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கைத் துடைத்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இன்றும் அது நிற்கவில்லை. நீங்களாகக் கூப்பிடாத யாருக்கும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் உடனே நெட்டைத் துண்டித்து, பேங்க்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் செய்யுங்கள். நாளை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக, எப்போதோ வந்த சர்வீஸ்காரர் போட்டுவிட்டுப் போன ரிமோட் மென்பொருள் ஏதாவது சிஸ்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கிவிடுங்கள்.