பாட்டனார் காலத்து வில்வண்டி

கேள்வி: எங்கள் கொட்டிலில் பழைய கூண்டு வில்வண்டி ஒன்று சிதிலமாய்க் கிடக்கிறது. சொற்பச் செலவில் அதைச் சீர்ப்படுத்த இயலுமா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: அவசியம் இயலும், ஆனால் கண்ணுக்கு அழகான கூண்டில் தொடங்காமல், வண்டிக்குப் பிராணனாகிய சக்கரத்தில் தொடங்க வேண்டும். குடம், ஆரக்கால், வட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உளுத்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். முழுச் சக்கரத்தையும் புதிதாகச் செய்விப்பது வீண் விரயம். பழைய இரும்புப் பட்டையையும் எறிந்துவிடாதீர்கள். மரம் காய்ந்து சுருங்கியதால் தளர்ந்துபோன பட்டையைச் சிறிது வெட்டிக் குறுக்கி ஒட்டி, வறட்டித் தணலில் பழுக்கக் காய்ச்சி வட்டையின்மேல் மாட்டி, உடனே நீர் வார்த்தால், அது குளிர்ந்து சுருங்குகையில் மூட்டுக்கள் யாவும் ஏகமாய் இறுகிவிடும்; நம் தச்சரும் கொல்லரும் சேர்ந்து கையாளும் அற்புதமான சாஸ்திரம் இது!

அடுத்து அச்சையும் விற்பட்டைகளையும் துருநீக்கி, விரிசல் உண்டா என்று பரீட்சித்து, வண்டிமை இடுங்கள். இறுதியாக, மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துக் கோரைப்பாய் வேய்ந்தால் கூண்டு தயார். வர்ணம் பின்னொரு வருஷம் பூசிக்கொள்ளலாம்.

தை அறுவடை முடிந்து, ஜூன் 12-ஆம் தேதி வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் வரையுள்ள உலர்ந்த காலமே இவ்வேலைக்கு உகந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நம் முன்னோரைச் சுமந்த வண்டியைக் கறையானுக்கு விடுவது தர்மமாகாது.