கொடவர் இல்லத் துப்பாக்கியும் தோக்குப் பூவும்: வேட்டை ஒழிந்த பின் நிலைக்கும் கருவி மதிப்பு

திறவுச்சொற்கள்: கொடவர், கைல்பொள்து, தோக்குப் பூ, காந்தள், வாண்மங்கலம், நரி மங்கலம், ஒக்க

முன்னுரை

வேட்டைக் கருவியின் மதிப்பு அதன் வேட்டைத் திறனைப் பொறுத்தது என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையாயின், வேட்டை ஒழிந்த இடத்தில் கருவியும் பழம்பொருளாகி மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிய பின்னர்ப் பல இடங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. குடகில் அவ்வாறு நிகழவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், காவிரி தோன்றும் நிலத்தில் வாழும் கொடவரின் இல்லங்களில் துப்பாக்கி இன்றும் ஆண்டுதோறும் துடைக்கப்பட்டு, பூச்சூட்டப்பட்டு, விளக்கின்முன் வைத்து வணங்கப்படுகிறது. பயன் குன்றிய ஒரு கருவியை அதன் உடைமையாளர் இத்துணை மதிப்பது எதனால் என்பதே இக்கட்டுரையின் வினா. எம்.என். சீனிவாஸ் 1952இல் வெளியிட்ட குடகர் சமயமும் சமூகமும் பற்றிய ஆய்வும், நடிகேரியண்ட சின்னப்பா தொகுத்து 1924இல் வெளிவந்த ‘பட்டோலெ பழமெ’ என்னும் கொடவ வழக்காற்றுத் தொகுப்பும் இத்துறையின் அடிப்படை நூல்கள். தமிழ்ப் புறத்திணை மரபு இங்கு ஒப்பீட்டுக்காக மட்டும் கொள்ளப்படுகிறது.

தனியாளின் துப்பாக்கி

கொடவர் வழக்கத்தின் தனித்தன்மை விளங்க, அதற்கு மாறான ஒரு மதிப்பு முறையை முதலில் காண்பது நன்று. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் பெண்புலியைக் கொன்றமைக்காக 1907இல் .275 ரிக்பி ரைஃபிள் ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. அதன் கட்டையில் அச்செயலைக் குறிக்கும் வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருந்தது. 436 உயிர்களைக் கொன்றதாகக் கூறப்பட்ட புலி அது. கார்பெட்டின் மறைவுக்குப் பின் அந்த ரைஃபிள் அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் இருந்தது. 2015இல் அதனைச் செய்த ரிக்பி நிறுவனமே மீண்டும் வாங்கிக்கொண்டது. பெங்களூரில் வாழ்ந்து, தருமபுரி, சேலம் பகுதிக் காடுகளைக் களமாகக் கொண்டு எழுதிய கென்னத் ஆண்டர்சனின் பெயரோடு .405 வின்செஸ்டர் ரைஃபிள் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளது. அடியில் உள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் அமைப்புடையது அது. அவருடைய வாசகர்களுக்கு அவ்வெண்ணே ஒரு பாத்திரப் பெயர்போல் ஆகிவிட்டது.

இவ்விரு துப்பாக்கிகளும் போற்றப்படுவது ஒருவர் கையில் அவை செய்த செயலுக்காக. செயலாற்றிய கை மறைந்ததும் அவை சேகரிப்பாளர் உலகத்திற்குச் சென்று சேர்கின்றன. அங்கு அவற்றின் மதிப்பு விலையாக மாறிவிடுகிறது. கொடவர் துப்பாக்கி இவ்வழியில் செல்வதில்லை.

குடியின் துப்பாக்கி

கொடவர் சமூகத்தின் அடிப்படை அலகு ‘ஒக்க’ எனப்படும் தந்தைவழிக் குடி. ஒவ்வொரு ஒக்கத்திற்கும் ‘ஐன்மனெ’ என்னும் முன்னோர் இல்லம் உண்டு. அங்கு முன்னோர் நினைவும் குடியின் ஆயுதங்களும் ஒருசேரப் பேணப்படுகின்றன. இடைக்கச்சையில் செருகும் பீச்செக்கத்தி, முதுகுப்புறம் தாங்கும் வளைந்த ஒடிக்கத்தி, துப்பாக்கி ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. முதல் இரண்டும் திருமணக் கோலத்தின் பகுதிகளாக இன்று எஞ்சியுள்ளன. துப்பாக்கியின் பணி அவற்றினும் பரந்தது.

ஆண் குழந்தை பிறந்ததும் இல்லத்தின் முற்றத்தில் ஒரு வெடி வெடிப்பது மரபு. ஆமணக்குத் தண்டால் செய்த சிறு வில்லும் அம்பும் குழந்தையின் கையில் வைக்கப்படும். இறப்பு நிகழ்ந்தால் இரு வெடிகள். குன்றுகளும் வயல்களும் இடையிட, வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்த நிலத்தில், அவ்வொலியைக் கேட்ட அயலார் எண்ணிக்கையைக் கொண்டே செய்தியை அறிந்து இறப்பு வீடு நோக்கி வருவர். அறுவடைத் திருவிழாவாகிய புத்தரியில், முதல் நெற்கதிரை அறுக்கும் வேளையிலும் வெடி முழங்கும். புத்தரி என்பது தமிழின் புத்தரிசியோடு ஒப்பிடத்தக்க சொல்.

இங்குத் துப்பாக்கி எதையும் கொல்லவில்லை, அறிவிக்கிறது. ஒன்று எனின் பிறப்பு, இரண்டு எனின் இறப்பு என்ற இலக்கணம் உடைய ஒரு மொழி போல அதன் ஒலி இயங்குகிறது. ஆமணக்கு வில்லின் இருப்பு இதனினும் குறிப்பிடத்தக்கது. பழைய கருவியாகிய வில் குழந்தையின் கையில் விளையாட்டு உருவில் நிற்க, புதிய கருவியாகிய துப்பாக்கி முற்றத்தில் முழங்குகிறது. புதியது பழையதை வெளியேற்றாமல் அதன் அருகே இடம்பெற்றுக்கொண்ட நிலையை ஒரே சடங்கில் இங்குக் காண முடிகிறது. துப்பாக்கியை அயலிலிருந்து வந்த பொருளாகக் கருதாமல் குடியின் முதுசொம்மாகக் கொடவர் கருதுவதற்கு இவ்விடப்பேறே காரணம் எனலாம்.

கைல்பொள்து

இவ்விடப்பேறு மிகத் தெளிவாக வெளிப்படுவது செப்டம்பர் தொடக்கத்தில் நிகழும் கைல்பொள்து விழாவில். கைல் என்பது ஆயுதத்தையும் பொள்து என்பது வழிபாட்டையும் குறிக்கும் என்பர். நெல் நடவு முடிந்த நிறைவில் கொண்டாடப்படும் விழா இது. உழவுப் பணி நடக்கும் மழைக்காலத்தில் ‘கன்னி கோம்பரெ’ எனும் வழிபாட்டு அறையில் வைக்கப்பட்டிருந்த ஆயுதங்கள் விழா நாளில் வெளியே எடுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, ‘நெல்லக்கி நடுபாடெ’ என்னும் நடுக்கூடத்தில் தொங்கும் விளக்கின்கீழ் வைக்கப்படுகின்றன. நீராடி வந்த குடும்பத்தார் அவற்றை வணங்குவர். விருந்து முடிந்ததும் குடியின் மூத்தவர் துப்பாக்கியை எடுத்து அடுத்தவர் கையில் கொடுப்பார். விளையாட்டுகள் அதன் பின்னரே தொடங்கும்.

தமிழகத்து ஆயுத பூசையோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் ஆயுத பூசையில் தொழிலுக்குரிய எக்கருவியும் இடம்பெறும். தறி, உளி, அச்சுப்பொறி, பேருந்து அனைத்தும் அன்று ஆயுதங்களே. கைல்பொள்து போர், வேட்டைக் கருவிகளை நடுவாகக் கொண்டது. மேலும், கருவி கைமாறும் அச்செயலே அங்கு விழாவின் உயிர்நிலை. மூத்தவரிடமிருந்து பெறப்படுவதால்தான் அது ‘என் துப்பாக்கி’ ஆகாமல் ‘எங்கள் ஒக்கத் துப்பாக்கி’ ஆகிறது. கார்பெட்டின் ரைஃபிளிலிருந்து இது வேறுபடுவது இவ்விடத்தில்தான்.

துப்பாக்கியின் குழலில் செருகப்படும் பூ தமிழாய்வாளர் தனிக்கவனம் செலுத்த வேண்டியது. கொடவர் அதனைத் ‘தோக் பூ’ என்பர். தோக் என்பது துப்பாக்கி. மலையாளத்தின் தோக்கு என்பதும் இதுவே. அப்பூ வேறொன்றன்று, தமிழில் செங்காந்தள் எனப்படும் பூவே. மழைக்காலத்தில் மலைச்சரிவிலும் வேலியோரத்திலும் படர்ந்து, அடியில் மஞ்சளும் நுனியில் செம்மையுமாக மலர்வது. தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகவும் முருகனுக்கு உகந்ததாகவும் இது வருகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில், வேலன் ஆடும் வெறியாட்டைக் குறிக்கும் துறையின் பெயரே காந்தள்.

இதிலிருந்து சங்கக் காந்தளே கொடவர் தோக்குப் பூவாகத் தொடர்கிறது என முடிவுகட்டுவது எளிது, ஆனால் பிழை. ஒப்புமை வேறு, வழிவருகை வேறு. விழா நிகழும் பருவமும் அப்பூ மலரும் பருவமும் ஒன்றே என்பதனால், கைக்கு எட்டிய பூ கருவிக்குச் சூட்டப்பட்டது என்ற எளிய விளக்கத்தையும் ஒதுக்க இயலாது. சொல்லாய்வு தரும் சான்று இதனினும் உறுதியானது. துப்பாக்கி இந்நிலத்திற்கு வந்த பின்னரே ஒரு பூ ‘தோக் பூ’ என்ற பெயரைப் பெற்றிருக்க முடியும். பூவோ அம்மலைகளில் அதற்கு முன்பே இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய பெயர் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அதனைத் துப்பாக்கியின் பெயர் மறைத்துவிட்டது. இயற்கைப் பொருளுக்குத் தன் பெயரை ஏற்றும் அளவிற்கு ஒரு கருவி ஒரு மொழியில் வேரூன்றியது என்பதே இப்பெயர் தரும் செய்தி.

கருவியை வணங்குதலைப் புறத்திணை மரபு வாண்மங்கலம் எனப் பாடாண் திணையில் வகுக்கிறது. அங்கு வாழ்த்துப் பெறுவது வேந்தனின் வெற்றி வாள். கொடவர் வழக்கில் வேந்தன் இல்லை. குடியே பாட்டுடைத் தலைமை பெறுகிறது. இன்னொரு நினைவும் தவிர்க்க இயலாதது. தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஔவையார் எதிரெதிர் நிறுத்திய புறநானூற்று 95ஆம் பாடலில், பூச்சூடிய ஆயுதம் நகைப்புக்கு உரியது, பயன்படாமையின் அடையாளம். கைல்பொள்துத் துப்பாக்கியும் பூச்சூடி எண்ணெய் பூசி நிற்பதே. ஆனால் எவரும் அதனை நகைப்பதில்லை. போர்க்களத்தில் அளக்கப்படும் மதிப்பும் இல்லத்தில் அளக்கப்படும் மதிப்பும் இருவேறு அளவைகள் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

கருவியின் அமைப்பும் தேர்வும்

சடங்கு மதிப்பை மட்டும் பேசிக் கருவியை மறந்துவிடுதல் பண்பாட்டாய்வில் அடிக்கடி நேரும் குறை. குடகில் பெரிதும் விரும்பப்படுவது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. குழலின் உள் விட்டத்திற்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகும் என்பதே அவ்வெண்ணின் பொருள். விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. ரைஃபிளின் குழலினுள் சுருள்வரிகள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்து நெடுந்தொலைவுக்கு நேராகச் செலுத்தும். இதன் குழல் வழுவழுப்பானது, சிறு தொலைவுக்கு உரியது. காப்பித் தோட்ட நிழலும் மூங்கிற்புதரும் பார்வையை மறைக்கும் குடகு நிலத்தில் நெடுந்தொலைவுக் குறிக்குத் தேவை குறைவு. ஒரு குழலில் பறவைக்கான சிறு ரவையும் மற்றொன்றில் பன்றிக்கான பெருங்குண்டும் இட்டுச் செல்ல முடிந்தது வேட்டைக்காலத்தில் அதன் பெருஞ்சிறப்பு. வாய்வழியே மருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் நெடுநேரம் வேண்டும். இறப்பறிவிப்பின் இரு வெடிகளையும் மீண்டும் நிரப்பாமல் வெடிக்க இரட்டைக் குழலே வாய்ப்பானது என்பதையும் இங்குக் கருதலாம்.

விழா நாளின் குறிபார்த்தல் போட்டியும் கருவித் தேர்வைத் தீர்மானிக்கிறது. உயர்ந்த மரத்தின் கிளையில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்துவதே அப்போட்டி. 12 போர் துப்பாக்கியுடன் மெல்லிய ஒலியும் குறைந்த உதைப்பும் உடைய .22 ரைஃபிளும் இன்று இப்போட்டிகளில் இடம்பெறுகிறது.

நரி மங்கலமும் வேட்டையின் முடிவும்

முன்னாளில் விழாவின் ஒரு கூறாக வேட்டையும் வேட்டை இறைச்சி விருந்தும் இருந்தன. தேங்காய் அந்த வேட்டை விலங்கின் இடத்தில் வந்து நிற்பதே. வேட்டைப் புகழின் உச்சம் ‘நரி மங்கலம்’ எனும் சடங்கு. கொடவ மொழியில் நரி என்பது புலியைக் குறிக்கும். தமிழ் நரியோடு உறவுடைய சொல் பொருள் மாறி நின்றது. புலியைக் கொன்றவனை மணமகன் கோலத்தில் பந்தரின்கீழ் அமர்த்தி, கொன்ற புலியை அருகே தூக்கி நிறுத்தி, ஊரார் அரிசி தூவி வாழ்த்தி, புலியின் ஆவிக்கே அவனை மணம் செய்விப்பர். கொன்றவனுக்கும் கொல்லப்பட்டதற்கும் இடையில் பகையை நீக்கி உறவை ஏற்படுத்தும் சடங்கு இது. இன்று நரி மங்கலம் நிகழ வழியில்லை. அது மறைந்ததை இழப்பென வருந்தவும் வேண்டியதில்லை. புலி காக்கப்பட வேண்டிய உயிர் என்ற நிலையில் வீரத்தின் அளவுகோல் மாறியே தீரும். ஆயினும் நரி மங்கலம் மறைந்தது போலக் கைல்பொள்து மறையவில்லை என்பது ஆராயத்தக்கது. முன்னது ஒருவனின் செயலைச் சார்ந்தது. செயல் நின்றதும் சடங்கும் நின்றது. பின்னது குடியின் தொடர்ச்சியைச் சார்ந்தது. அதற்கு விலங்கின் உயிர் தேவைப்படவில்லை.

உரிமையும் சட்டமும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களையச் சட்டம் இயற்றியபோது, குடகருக்கு 1861இல் விலக்களித்தது. விலக்களித்த ஆணையர் மார்க் கப்பன் அவர்களின் வீரத்தையும் பற்றுறுதியையும் காரணமாகக் காட்டினார். இவ்விலக்கில் அன்பைக் காட்டிலும் அரசியல் கணிப்பு மிகுதி என்பதை மறுக்க இயலாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழும் அவ்விலக்கு தொடர்ந்தது. 2019 அக்டோபரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் அதனை 2029 வரை நீட்டித்தது. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கைக் கருநாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது.

விலக்கு பெறுவோர் இரு வகையினர்: குடகு இனத்தவர் ஒருவகை, படைப்பணிக் கடமையோடு வழிவழியாகப் பெற்ற ‘ஜம்மா’ நிலத்தின் உடைமையாளர் மற்றொரு வகை. பின்னவருள் கொடவர் அல்லாத குடகு மக்களும் அடங்குவர். சட்டம் உரிமையை ஓரிடத்தில் பிறப்போடும் மற்றோரிடத்தில் நிலத்தோடும் இணைக்கிறது. வழக்காறோ அதனை ஒக்கத்தோடும் ஐன்மனெயோடும் இணைக்கிறது. ஜம்மா நிலம் கைமாறும்போதும், ஐன்மனெயை விட்டு நகரங்களில் குடியேறியோரிடம் துப்பாக்கி செல்லும்போதும் இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும். பத்தாண்டு நீட்டிப்பு 2029 அக்டோபர் 31 அன்று முடிகிறது. அதற்குமுன், எந்தெந்த ஒக்கங்களில் எத்தனைத் தலைமுறையாக எந்தத் துப்பாக்கி கைமாறி வந்துள்ளது என்பதை ஐன்மனெதோறும் சென்று மூத்தோர் வாய்மொழியாகப் பதிவு செய்தல் இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க களப்பணி.