சாவக நாட்டுக் கலைகளும் கைத்தொழில்களும்

ஒரு நாட்டிற்குச் செல்வோர் அந்நாட்டின் மலையையும் கடலையும் கோயில்களையும் கண்டு மீளுதல் எளிது. அந்நாட்டு மக்களின் கைகள் எவற்றைச் செய்கின்றன, எவ்வாறு செய்கின்றன என்று அறிந்து மீளுதல் அத்துணை எளிதன்று. முன்னதற்குக் கண் போதும்; பின்னதற்குச் சிறிது கல்வியும் வேண்டும். இந்தோனேசியக் குடியரசின் தீவுகளுள் மக்கள்தொகையால் முதன்மை பெற்ற சாவகத் தீவுக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டார் மிகப் பலர் செல்கின்றனர். அவருட் பெரும்பாலார் போரோபுதூர், பிரம்பானன் என்னும் பழைய கற்கோயில்களைக் கண்டு வியந்து, கடைத்தெருவில் இரண்டொரு துணிகளை வாங்கிக்கொண்டு திரும்புவர். தாம் வாங்கிய துணி கையால் எழுதப்பட்டதோ, இயந்திரத்தால் அச்சிடப்பட்டதோ என்பதை அவருட் பலர் அறியார். இவ்வறியாமையால் வரும் இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அக்கைத்தொழிலை நம்பி வாழும் எளிய குடும்பங்களையும் அது தாக்குகின்றது. ஆதலின், சாவகரின் கலைகளுள் தலைசிறந்த மூன்றனை, அவை இயலும் முறையோடு ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

சாவகம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மறுபிறப்பெய்தி அரசாண்ட நாடு சாவகம் எனப்படுகின்றது. அது சாவகத் தீவே என்பாரும், சுமத்திராவையும் உளப்படுத்தியது என்பாரும் உளர். பிற்காலத்தில், சோழமண்டலக் கரையில் நெய்து சாயந்தோய்த்த துணிகளை உலாந்தா வணிகர் பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைகளிற் கொண்டு, அத்தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றிற்கு மாற்றாகக் கொடுத்தனர். ஆதலின் துணியினின்றே தொடங்குதல் பொருத்தமாம்.

1. பாத்திக் என்னும் மெழுகுச் சாயத்துணி

துணியிற் சாயம் பற்றவேண்டாத இடங்களை உருகிய மெழுகால் மூடி, பின்னர்ச் சாயத்தில் தோய்த்தலே பாத்திக் முறையாகும். மெழுகு மூடிய இடம் வெண்மையாக நிற்க, ஏனைய இடம் நிறம் பெறும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இது செய்கையில் மிக அரிது.

வெண்பருத்தித் துணியை முதற்கண் துவைத்து மென்மையாக்கி, ஒரு சட்டத்தின்மேல் தொங்கவிடுவர். பெண்கள் அதன்முன் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, சாந்திங் என்னும் கருவியால் மெழுகுக்கோடு இழுப்பர். சாந்திங் ஆவது ஒரு கைப்பிடியிற் பொருத்திய சிறு செப்புக் கிண்ணம். அதன் முகப்பில் நுண்ணிய குழலொன்று வளைந்து நிற்கும். அருகே சிறு அடுப்பின்மேல் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருகிக்கொண்டிருக்கும். அதனைக் கிண்ணத்தில் முகந்து, குழலின் வழியே ஒழுகவிட்டு எழுதுதல் வேண்டும். சூடு மிகுந்தால் மெழுகு பரந்து கோடு கெடும்; ஆறிவிட்டாலோ துணியினுட் புகாது மேலே நின்று, சாயத்தொட்டியில் உதிர்ந்துபோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நொடிகளிலேயே கை தன் வேலையை முடித்தாகவேண்டும். ஒருபுறம் எழுதி முடிந்தபின், துணியைத் திருப்பி, அதே கோடுகளின்மேல் மறுபுறத்தும் மெழுகிடுவர்.

பின்னர் அவுரி நீலத்திற் பலமுறை தோய்த்து உலர்த்துவர். பழுப்பு ஏறவேண்டிய இடத்து மெழுகைச் சுரண்டி நீக்கி, நீலமாகவே நிற்கவேண்டிய இடத்தை மெழுகால் மூடி, சோகா என்னும் மரப்பட்டைச் சாயத்தில் தோய்ப்பர். இக்காலத்தில் செயற்கைச் சாயங்களும் பெரிதும் வழங்குகின்றன. இறுதியிற் கொதிநீரில் இட்டு மெழுகனைத்தையும் நீக்குவர். இவ்வாறு ஒரு துணி முற்றுப்பெறப் பல வாரங்கள் செல்லும்; நுண்ணிய வேலையாயின் பல மாதங்களும் ஆகும்.

துணியின் கோலங்களும் பொருளற்றன அல்ல. 1755-ஆம் ஆண்டில் கியாந்தி உடன்படிக்கையால் மத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது, யோக்யகர்த்தா, சுரகர்த்தா என்னும் இரு அரசவைகள் நிலைபெற்றன. சாய்ந்த அலைபோல் வரிசைப்படும் பாராங் முதலிய கோலங்களை இவ்வவைகள் அரச குடும்பத்தார்க்கே உரியவென விதித்திருந்தன. சிதறிய விண்மீன்கள் போன்ற துருந்தும் என்னும் கோலத்தை மணமக்களின் பெற்றோர் திருமணத்தில் அணிவர். இவ்விரு நகரத்துத் துணிகளில் நீலமும் பழுப்பும் வெண்மையுமே மிகும். வடகடற்கரையிலுள்ள பெக்காலோங்கான், லாசெம் முதலிய ஊர்களிலோ, சீனரும் ஐரோப்பியரும் கலந்து வாழ்ந்தமையால், செந்நிறமும் பறவையும் மலர்க்கொத்தும் துணியிற் புகுந்தன.

இனி, வாங்குவோர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. கையால் எழுதியது பாத்திக் துலிஸ் எனப்படும். செப்பு அச்சால் மெழுகை ஒற்றிச் செய்வது பாத்திக் சாப் எனப்படும். இம்முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. இவ்விரண்டும் மெழுகால் ஆவனவாதலின் உண்மைப் பாத்திக்கே. மூன்றாவதாக, மெழுகே இன்றிக் கோலத்தை மட்டும் இயந்திரத்தால் அச்சிட்ட துணியும் அப்பெயராலேயே விலைபோகின்றது. துணியைத் திருப்பிப் பார்த்தால் இவற்றின் வேறுபாடு பெரும்பாலும் புலனாகும். கையால் எழுதியதில் இருபுறமும் கோலம் ஒத்த தெளிவுடன் இருக்கும். ஒரு மலர் மற்றொரு மலரை முற்றும் ஒவ்வாது. செப்பச்சு ஒற்றியதில் ஒரே வடிவம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். ஒற்றின் பொருத்து வாய்கள் கூர்ந்து நோக்கின் தெரியும். அச்சிட்ட துணியிலோ மறுபுறம் வெளிறிக் கிடக்கும்.

இதனை யாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. மாதக்கணக்கில் உழைத்த துணிக்கும் நொடிப்பொழுதில் அச்சிட்ட துணிக்கும் சந்தையில் ஒரே பெயர் வழங்குமாயின், அறியாதவன் மலிந்ததையே எடுப்பான். எழுதுவோள் கூலி வீழும். அவள் மகள் அத்தொழிலைக் கற்க விரும்பாள். ஒரு தலைமுறை கற்காதொழியின், பின்னர் எந்நிதியைக் கொட்டினும் அக்கைப்பழக்கம் மீளாது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2009-ஆம் ஆண்டில் இந்தோனேசியப் பாத்திக்கை மனிதகுலத்தின் அருவ மரபுச்செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. அப்பெருமை நிலைப்பது வாங்குவோர் அறிவையும் பொறுத்ததாம்.

2. வாயாங் குலித் என்னும் தோற்பாவை நிழற்கூத்து

நம் நாட்டிலும் தோற்பாவைக் கூத்து உண்டாதலின், இதனை விளக்குதல் எளிது. எருமைத்தோலை உலர்த்திச் செதுக்கி, உளியால் நுண்துளைகள் இட்டு, வண்ணமும் பொன்னும் தீட்டி, எருமைக்கொம்பாற் செய்த கைப்பிடி பொருத்திப் பாவைகளை அமைப்பர். வெண்திரையின் அடியிற் கிடத்திய வாழைத்தண்டிற் பாவைகளைக் குத்தி நிறுத்துவர். தாலாங் எனப்படும் கூத்தர் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டுவார்; எல்லாக் குரலும் அவருடையதே; பின்னிருக்கும் இசைக்குழுவையும் அவரே நடத்துவார். கை இரண்டும் பாவை ஏந்தியிருக்க, காலால் பெட்டியைத் தட்டி இசைஞர்க்குக் குறிப்புக் காட்டுவார். இரவு தொடங்கிய ஆட்டம் விடியும்வரை நிகழ்வது மரபு.

பாண்டவர் கதையும் இராமன் கதையுமே இக்கூத்தின் பெரும்பொருள். ஆயினும் சாவகர் அவற்றைக் கேட்டவாறே ஒப்பித்தாரல்லர். மெலிந்த உடலும் கவிந்த தலையும் ஒடுங்கிய கண்ணும் உடையவன் அருச்சுனன். அடக்கமே ஆண்மை என்பது சாவகர் கருத்து. நிமிர்ந்த முகமும் உருண்ட கண்ணும் செருக்கர்க்கும் அரக்கர்க்கும் உரியன. எனினும் வீமன் கண்ணும் உருண்டதே, ஏனெனில் அவன் வலியன். இவற்றிற்கு மேலாக, வடமொழி இதிகாசங்களிற் காணப்படாத செமார் என்னும் முதிய ஏவலனும் அவன் மக்களும் உளர். பருத்த வயிறும் கோமாளிப் பேச்சும் உடைய அச்செமார் உண்மையில் மண்ணில் இறங்கிய தெய்வம். அரசிளங்குமரரும் இடர்ப்படுங்கால் அவன் சொற்கேட்பர். மக்களிற் பெரும்பாலார் இசுலாமியராகிய அத்தீவில் இக்கதைகள் இன்றும் ஆடப்படுதல் நாம் எண்ணத்தக்கது.

காணச் செல்வோர் திரையின் ஒருபுறத்தே அமைதல் கூடாது. ஒருபுறம் நிழல் ஆடும். மறுபுறம் கூத்தரின் கைத்திறமும் பாவைகளின் வண்ணமும் தோன்றும். இரண்டையும் காண்பதே முழுமை.

3. கமெலான் என்னும் இசை

இக்கூத்திற்கு உயிராவது கமெலான். வெண்கலத் தகடுகளும் குமிழுடைய சேமக்கலங்களும் பெரிய தொங்குமணிகளும் இதன் கருவிகள், தோல்முழவும் உண்டு. ஐந்து சுரமுடைய சிலேந்திரோ, ஏழு சுரமுடைய பேலோக் என அளவைகள் இரண்டு. ஒரு குழுவின் கருவிகள் தம்முள் ஒத்திசைக்குமாறு அமைக்கப்பட்டனவாதலின், ஒரு கமெலானின் கருவியை எடுத்து மற்றொன்றிற் சேர்த்தல் பொருந்தாது. ஒருவர் தனித்து விளங்குவதற்கு இதில் இடம் குறைவு. மென்கருவிகள் இசையை நுணுக்க, பெருமணி நெடுநேரத்திற்கு ஒருமுறை ஒலித்துச் சுற்றினை முடித்துவைக்கும். 1889-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் இவ்விசையைக் கேட்ட பிரெஞ்சு இசைமேதை தெபுசி அதனைப் பெரிதும் வியந்தார். கருவிகளைத் தாண்டி நடத்தல் பெரும்பிழை. செல்வோர் இதனை மறவாதிருப்பாராக.

4. காண்போர் கடன்

கலை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதென எண்ணுதலும் தவறு. யோக்யகர்த்தாவின் தெற்கே காஞ்சுரான் என்னும் ஊரில் 1924-ஆம் ஆண்டில் கத்தோலிக்கர் ஒரு தேவாலயம் எழுப்பினர். அதனருகே பழைய கற்கோயில்களின் பாங்கில் அமைந்த சிறுகோயிலில், கிறிஸ்துநாதர் சாவக அரசரின் கோலத்தில் வீற்றிருக்கின்றார். 2006-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அத்தேவாலயம் இடிந்தபோது, சாவக மண்டபத்தின் வடிவிலேயே அதனை மீண்டும் கட்டினர். அங்கு வழிபாட்டிற் கமெலானும் ஒலிக்கின்றது. தாய்நாட்டுக் கலையைத் துறவாமலே ஒரு மக்கள் தம் சமயத்தைப் போற்றலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆதலின், சாவகம் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் சுரகர்த்தாவின் லாவேயான் முதலிய தொழிற்பகுதிகளுக்குச் சென்று, துணி எழுதப்படும் இடத்தில் சிறிது பொழுதேனும் இருந்து காண்பாராக. யோக்யகர்த்தாவில் 1935-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சோனோபுதோயோ அருங்காட்சியகத்திற் பாவைகளை அண்மையில் நோக்கலாம். பல துணி வாங்குவதினும், எழுதிய துணி ஒன்று வாங்குதல் மேல். செல்ல வாய்ப்பில்லாத நம்மனோர்க்கும் ஒரு கடன் உண்டு. நம் ஊர்த் தறியும் சாயச்சாலையும் தோற்பாவைக் கூத்தர் குடியும் சாவகத்தைவிட அண்மையில் உள்ளன. அவற்றை நாம் எத்துணை அறிவோம் என்று உசாவிக்கொள்வது நம் மாணவர்க்கு நன்று.